பூக்கடை வரும்வரை பிரஸ்ஸைத் திறக்காதே

1. சந்தன வாசம்

விஜயதசமிக்கு மறுநாள் காலை, என் பிரஸ்ஸிலிருந்து சந்தன வாசம் வந்தது.

மைசூரில் சந்தன வாசம் வருவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எங்கள் சுவிட்ச் பாக்டரிக்குள் கால் வைத்திருந்தால் கேட்க மாட்டீர்கள். அங்கே பேக்கலைட் என்கிற பிளாஸ்டிக் பவுடரின் வாசத்தைத் தவிர வேறெதுவும் பிழைக்காது. பினாயில் தெளித்த ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஒரு நெடி. தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு போனால், மத்தியானத்துக்குள் மல்லிகைக்கும் ஆஸ்பத்திரி வாசம் வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் திடீரென்று சந்தனம் மணந்தது. மெல்லிசாக, சூடாக, யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல வந்தது.

நான் அப்படியே கிறங்கிப் போனேன். முந்தின நாள்தான் மகாராஜாவின் ஜம்பூ சவாரி, தசரா யானை ஊர்வலம். யானைகளின் நெற்றிப் பட்டமும் சாலையோரக் கூட்டமும் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் விழுந்து, பறக்கிற பவுடரில் பட்டு, அறை முழுக்கப் பழுப்புப் புகையாக மிதந்தது. அந்தப் புகைக்குள் யானை ஒன்று அசைந்து வந்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். சாமுண்டி மலைக்கே வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

நின்றுகொண்டிருந்தது போதும் என்று பிரஸ்ஸைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய சுவிட்ச் மூடி, கொப்புளம் கொப்புளமாக, நிறம் செத்துக் கிடந்தது.

2. கனசு ராசம்மா

நான் கொள்ளேகாலம் பக்கத்துக் குடியானவன் வீட்டுப் பெண். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வீட்டுக்காரரோடு மைசூருக்கு வந்தேன். அந்த பாக்டரியில் மின்சார சுவிட்ச் மூடியும் பல்பு ஹோல்டரும் செய்தார்கள். பவுடரைச் சூட்டு அச்சில் போட்டு அமுக்கி வேகவைக்கிற பிரஸ்ஸில் ஆண்கள் நிற்பார்கள். பெண்களுக்கு ராவுகிற மேஜை. பிரஸ்ஸிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானிலும் ஓரமெல்லாம் பிசிறு இருக்கும். அதை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கர் கர் என்று ராவினால் மூக்கில் கறுப்புத் தூள், விரல் நுனியில் ரத்தம், ராத்திரி படுத்தால் இருமல். இதைவிட எனக்குப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. ராவும்போது கண்ணை எடுக்க முடியாது, மனசையும் எடுக்க முடியாது. நானோ சின்ன வயசிலிருந்தே உட்கார்ந்த இடத்தில் ஊர் சுற்றுகிறவள். மேஜையில் எதிரே உட்கார்ந்த நஞ்சம்மா எனக்கு 'கனசு ராசம்மா' என்று பேர் வைத்தாள். கன்னடத்தில் கனசு என்றால் கனவு. "கனசு ராசம்மா, வாம்மா கீழே, அரம் விரலைக் கடிக்குது பாரு" என்று கிண்டல் செய்வாள். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். ஆனால் நஞ்சம்மா சொன்னால் வராது.

பிறகு பெட்டி வந்தது.

அதுவரை அச்சின் சூட்டைக் கை அனுபவத்தில்தான் பார்த்தார்கள். அதில் ராஜா முனிசாமி அண்ணன். அவர்தான் பிரஸ்மேன், பிட்டர், எல்லாம். வாளியில் விரலை நனைத்து அச்சின் மேல் ஒரு சொட்டு உதறுவார். அது சீறி வற்றுகிற சத்தத்தைக் கேட்டே, "இன்னும் கொஞ்சம் ஏத்து", "போதும், நிறுத்து" என்று சுவிட்சைப் போடவும் அணைக்கவும் சொல்வார். அந்தக் காது எல்லோருக்கும் வாய்க்காது. அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குப் பாதிச் சரக்கு குப்பைக்குப் போகும்.

அதனால்தான் யஜமானர் கப்பலில் ஒரு கன்ட்ரோலர் வரவழைத்தார். யஜமானர் என்றால் பாக்டரி முதலாளி. கன்னடக்காரர்தான், ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். பெட்டியைச் சுவரில் மாட்டினார்கள். கண்ணாடிக்குள் ஒரு கறுப்பு முள், ஒரு சிவப்பு முள், ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கு. பெட்டியிலிருந்து ஒரு வயர் இறங்கி, அதன் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் கோல். தெர்மோகப்பிள் என்பது அதன் பேர். நாங்கள் கோல் என்றே சொல்வோம். அச்சின் பக்கவாட்டில் துளை போட்டு, கோலின் நுனி துளையின் அடியைத் தொடும்படி செருகினார்கள்.

வேலை இவ்வளவுதான். சிவப்பு முள்ளை நமக்கு வேண்டிய சூட்டில், எங்களுக்கு முந்நூற்று இருபது பாரன்ஹீட் டிகிரியில், வைத்துவிட வேண்டும். கோல் தொட்டுச் சொல்கிற சூட்டைக் கறுப்பு முள் காட்டும். கறுப்பு முள் சிவப்புக்குக் கீழே இருந்தால் பெட்டி 'டக்' என்று ஹீட்டரைப் போடும், விளக்கு எரியும். சிவப்பைத் தொட்டதும் 'டக்' என்று அணைக்கும். அணைத்த பிறகும் முள் கொஞ்ச தூரம் மேலே போகும். அடுப்பை அணைத்தாலும் பால் ஒரு பொங்கு பொங்குகிறதல்லவா, அதுபோல ஹீட்டருக்குள் தேங்கிய சூடு அச்சுக்கு வந்து சேரும். பிறகு இறங்கும், மறுபடி 'டக்', மறுபடி ஏறும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, அது மூச்சு விடுவது மாதிரியே இருக்கும்.

இப்போது எண்கள் பச்சையாக மின்னும் கன்ட்ரோலர்களோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். அந்த முள்ளுக்கு முன்னால் நின்று பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அவ்வளவு சாந்தமான ஒரு ஜீவனை நான் என் புகுந்த வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

சூட்டைப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றால் பிரஸ்ஸில் யார் வேண்டுமானாலும் நிற்கலாமே என்று யஜமானருக்குத் தோன்றியது. ராவுகிற மேஜையிலிருந்து என்னை எழுப்பினார்.

"தசரா வரைக்கும் பாக்கறேன். சரியா வந்தா இன்னும் ரெண்டு பெட்டி வாங்கி, மேஜையிலேர்ந்து இன்னும் ரெண்டு பேரை ஏத்தறேன். சரியா வரலே, நீ அரத்துக்கே போ. அப்புறம் பொம்பளைங்களை பிரஸ் பக்கம் விடச் சொல்லி என்கிட்ட யாரும் கேக்கக் கூடாது."

அன்றிலிருந்து பிரஸ்ஸில் நான் தனியாக நிற்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ராவுகிற மேஜையே நின்றது.

பவுடரை அச்சில் போட்டு, சக்கரத்தைச் சுற்றி இறுக்கி, வேகும் வரை காத்திருக்க வேண்டும். பிரஸ் அறையில் கடிகாரம் கிடையாது. முனிசாமி அண்ணன் ஒரு பீடி பிடிக்கிற நேரம் என்று கணக்கு வைத்திருந்தார். நான் எனக்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தேன். சக்கரத்தை இறுக்கியதும் மனசுக்குள் பாக்டரி வாசலைத் தாண்டி நடக்க ஆரம்பிப்பேன். புளியமரம், டாங்கா குதிரைவண்டி நிற்கிற இடம், அரண்மனை மதில், தேவராஜ மார்க்கெட் வாசல், வாழைப்பழக் கடை, வெற்றிலைக் கடை, அப்புறம் பூக்கடை. பூக்கடை வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். திறந்தால் மூடியில் என் முகம் தெரியும். பூக்கடை வருவதற்குள் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுவேன். அந்தக் காத்திருப்பு நேரம் என்னுடையது. வீட்டில்கூட அப்படி ஒரு நேரம் எனக்குக் கிடைத்ததில்லை.

3. உள்ளே வேகும் சந்தனம்

ஆயுத பூஜை அன்று மெயின் சுவிட்சை அணைத்து எல்லாவற்றையும் கழுவினோம். பிரஸ்ஸுக்கு மாலை, வாசலில் பூசணிக்காய். ஸ்பானர், சுத்தியல், அரம் எல்லாம் வாழை இலையில், சாமுண்டி அம்மன் படத்துக்கு முன்னால். பெட்டியும் ஆயுதம்தானே, அதுவும் அம்மன் முன் வர வேண்டும் என்றார் யஜமானர். பெட்டியைச் சுவரிலிருந்து கழற்ற முடியாது. அதனால் முனிசாமி அண்ணன் கோலை மட்டும் துளையிலிருந்து உருவி, வயரோடு இழுத்து, இலையில் வைத்தார். யஜமானர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். பெட்டிமேல் அவருக்கு உயிர் என்பதால் கோலுக்குத் தாராளமாகவே வைத்தார். பக்கத்தில் கைகூப்பி நின்ற எனக்கும் கண் நிறைந்துபோயிற்று.

இதெல்லாம் அன்று காலை எனக்கு ஞாபகமே வரவில்லை. முதல் மூடி கெட்டது. இரண்டாவது கெட்டது. பவுடரை மாற்றிப் போட்டேன், அதுவும் கெட்டது. பூக்கடை வரைக்கும் போகாமல் வெற்றிலைக் கடையிலேயே திரும்பி வந்து திறந்தேன், அப்போதும் கொப்புளம். பெட்டியைப் பார்த்தால் கறுப்பு முள் சாதுவாக முந்நூற்று இருபதில் நிற்கிறது. சிவப்பு விளக்கு மட்டும் வழக்கத்தைவிட அதிக நேரம், அணைய மனமே இல்லாததுபோல எரிந்தது.

யஜமானர் வந்தார். கெட்ட மூடிகளைப் பார்த்தார்.

"ஏனம்மா இது? சுவிட்ச் மூடியா, சுட்ட கத்திரிக்காயா?"

"சூடு சரியாத்தானுங்க காட்டுது. எனக்கே ஒண்ணும் புரியலீங்க."

"முனிசாமி, நீ பாரப்பா."

முனிசாமி அண்ணன் வாளியில் விரலை நனைத்து அச்சின் மேல் உதறினார். எப்போதும் சீறி வற்றும் சொட்டு, அன்று அச்சைத் தொடவே இல்லை. முத்து மாதிரி உருண்டு ஓடிக் கீழே விழுந்தது.

"அடேயப்பா! தண்ணி உக்காரவே மாட்டேங்குது யஜமானரே. இது முந்நூத்தி இருபதா? அதைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு. பெட்டி பொய் சொல்லுது. நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?"

யஜமானர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடப் பிறந்தவன் ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது அவர் முகம்.

"கழட்டிடு. இந்த பிரஸ்ஸும் இனிமே உனக்கு. ராசம்மா, நீ நாளையிலேர்ந்து மேஜைக்குப் போ."

ராவுகிற சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் அரத்தைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அடுத்து பிரஸ்ஸுக்கு ஏற வேண்டியவள் அவள்தான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முனிசாமி அண்ணன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணா" என்றேன். "கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கோணுங்க."

"என்னத்தைப் பாப்பே?" என்றார் யஜமானர். "காலையிலேர்ந்து கனசு கண்டுட்டு நின்னிருப்பே."

"ஆமாங்க, கண்டேன். சாமுண்டி மலையில நிக்கற மாதிரி இருந்துச்சுங்க. சந்தன வாசம் வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். யஜமானருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பூஜை பண்ணின எடத்துல சந்தனம் வாசம் வராம வேறென்ன வரும்?"

அப்படி அவர் கேட்டதும்தான் எனக்கே பொறி தட்டியது. "இல்லீங்க. பிரஸ்ஸு மேல வெச்ச பொட்டெல்லாம் காத்தால நானே ஈரத்துணியில தொடச்சுட்டேனுங்க. தொடச்சு முடிச்சு, ஹீட்டர் போட்டதுக்கப்புறந்தான் வாசமே வந்துச்சு. அச்சுக்குள்ள எங்கயோ சந்தனம் வேகுதுங்க."

முனிசாமி அண்ணனின் கை ஸ்பானரோடு அப்படியே நின்றது. மெதுவாக இறக்கிக் கீழே வைத்தார். அச்சின் பக்கவாட்டுக்குப் போய், கோணித் துணியால் பிடித்துக் கோலை உருவினார். நுனி முழுக்கப் பழுப்பாக, மண் அப்பினதுபோல ஒரு தடித்த பொருக்கு. சந்தன வாசம் அறைக்குள் மறுபடி பரவியது.

"உங்க கையால வெச்சது யஜமானரே" என்றார். கோலை நீட்டினார். "காலையில சொருகறப்ப காஞ்சு கெட்டியா இருந்துச்சு. துளையில முழுசா எறங்கலை. அம்மனுக்கு முன்னாடி வெச்ச சந்தனத்தை எப்படிச் சுரண்டி எறியறது? இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எல்லாம் எனக்குத் தெளிவானது. பெட்டி பொய் சொல்லவில்லை. கோலின் நுனி துளையின் அடியைத் தொடவில்லை. நடுவில் சந்தனம் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தது. அச்சு கொதிக்கிறது, நுனிக்கோ அது முழுசாக எட்டவில்லை. 'இன்னும் சூடு வரவில்லை, இன்னும் சூடு வரவில்லை' என்று கோல் சொல்லச் சொல்ல, பெட்டியும் விசுவாசமாக ஹீட்டரைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

யஜமானர் கோலை வாங்கி முகர்ந்தார்.

"அப்போ நான்தான் கெடுத்தேனா?"

முனிசாமி அண்ணன் கூரையைப் பார்த்தார். எனக்குத்தான் வாய் நிற்காதே.

"சாமி மேல தப்பில்லீங்க. சந்தனத்து மேலயும் தப்பில்லீங்க. உங்க மேலயும் இல்லீங்க. வெச்ச எடந்தான் ஒத்துக்கலை."

முறைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்புறம் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாக்கு, சாக்கு, போதும். சுரண்டுங்க அதை."

முனிசாமி அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னால ஆகாதுங்க."

நான் மேஜைப் பக்கம் திரும்பினேன். கேட்பதற்கு முன்பே நஞ்சம்மா தன் சின்ன அரத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். எந்த அரத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டுமோ அதே அரம். உலோகத்தில் கீறல் விழக் கூடாது, பொருக்கு மட்டும் வர வேண்டும். கை தானாகவே பதமாக ஓடியது. தூள் கீழே விழும்போது யஜமானர் சட்டென்று குனிந்து உள்ளங்கையை ஏந்தினார். ஒரு பொட்டுகூடத் தரையில் விழவில்லை. அப்படியே கொண்டுபோய் அம்மன் படத்துக்குக் கீழே வைத்தார். துளைக்குள்ளும் துணி சுற்றிய கம்பியை விட்டுத் துடைத்தேன். முனிசாமி அண்ணன் கோலைச் செருகினார். அடியைத் தொட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

கறுப்பு முள் திடுக்கென்று எழுந்தது. சிவப்பைத் தாண்டி, மேலே, மேலே, நானூறை நெருங்கிப் போய் நின்றது. 'டக்.' விளக்கு அணைந்தது.

பிறகு எல்லோரும் காத்திருந்தோம். முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் இறங்கியிருப்பது தெரியும். யஜமானர் பவுடர் டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பழுப்புப் புகையில் வெயில் மிதந்தது. அந்த நேரத்தில் அங்கே நின்ற அத்தனை பேரும் கனசு ராசம்மாக்கள்தான். சிவப்பு முள்ளைத் தொட்டு, கொஞ்சம் கீழே இறங்கி, 'டக்' என்று விளக்கு எரிந்தபோது முனிசாமி அண்ணன் விரலை நனைத்து உதறினார். சொட்டு உட்கார்ந்து சீறி வற்றியது.

"வந்துடுச்சு" என்றார். "பெட்டி சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணாயிடுச்சு. போடும்மா."

பவுடரைப் போட்டு இறுக்கினேன். புளியமரம், டாங்கா, மதில், மார்க்கெட் வாசல். அன்றைக்கு நடந்த மாதிரி நான் என்றைக்கும் நடந்ததில்லை. வாழைப்பழம், வெற்றிலை. "திற, திற" என்று யஜமானர் அவசரப்படுத்தினார். "இன்னும் பூக்கடை வரலீங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் வாயை மூடிக்கொண்டார்.

திறந்தேன். மூடியில் என் முகம் தெரிந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நஞ்சம்மாவின் முகமும் தெரிந்தது.

4. மறு வருஷம்

சூட்டைப் பெட்டி ஆள்வதாக எல்லோரும் நினைக்கிறோம். அதற்குத் தெரிந்த உலகம் கோலின் நுனி தொடுகிற இடம் மட்டும்தான். நுனிக்கும் அச்சுக்கும் நடுவில் எது வந்தாலும், அது அழுக்காக இருந்தாலும் சரி, பக்தியாக இருந்தாலும் சரி, பெட்டிக்குக் கண் மறைந்துவிடும். கெட்ட சரக்கு வந்தால் எண்ணைப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். கோல் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். மூக்குக்கு ஏதாவது வாசம் வந்தால் அதையும் மதியுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மூன்று பெட்டிகள் இருந்தன. வாழை இலையில் ஸ்பானரும் சுத்தியலும் அரமும் இருந்தன. கோல்களை யாரும் உருவவில்லை. யஜமானர் சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, முதல் பெட்டிக்கு முன்னால் நின்றார். விரல் சந்தனத்தோடு அந்தரத்தில் நின்றது. பெட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன வருஷத்துப் பேச்சை அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"எங்கே வைக்கணுமோ அங்கே நீயே வெச்சுடு, ராசம்மா."

வாங்கிக்கொண்டேன். பெட்டி மாட்டியிருந்த மரப்பலகையில் ஒரு பொட்டு வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த பெட்டிக்கு வைக்கப் போனபோது அந்த பிரஸ்ஸின் சக்கரத்தில் கை வைத்தபடி நஞ்சம்மா நின்றாள். அது அவளுடைய பிரஸ். மெயின் அணைந்திருந்தது, விளக்கு எரியவில்லை, அச்சில் பவுடர் இல்லை. ஆனாலும் அவள் கண் எங்கேயோ போயிருந்தது.

"நஞ்சம்மா, எங்கே இருக்கே?" என்றேன்.

"சும்மா இரு" என்றாள் திரும்பாமலே. "இப்போதான் எங்க ஊரு ஏரிக்கரை வந்திருக்கு. இன்னும் வீடு வரலே."

நான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, அவள் வீடு போய்ச் சேரும்வரை பக்கத்தில் நின்றேன்.